கொள்கலன் கணினிகளின் நுழைவாயில்: காப்பவர் யார்?

உலகெங்கும் உள்ள ஏராளமான நிறுவனங்களின் இணைய சேவைகளுக்கு வாயிற்காவலராக விளங்கிய ஒரு மென்பொருளுக்கு, 2026 ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்குப் பின்னர் பராமரிப்பு இருக்காது என்று அதனை வெளியிட்டு வந்த திட்டக்குழுவே அறிவித்தது. அந்த மென்பொருளின் பெயர் "இன்கிரஸ் என்ஜின்எக்ஸ்".

கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் இணையத்தில் பொருள் வாங்குபவர்களும், பயணச்சீட்டுப் பதிவு செய்பவர்களும், வங்கிக் கணக்கைப் பார்ப்பவர்களும் தம்மை அறியாமலேயே பலமுறை இதனைக் கடந்து சென்றிருக்கக்கூடும். இத்தனை பேர் கடந்து செல்லும் ஒரு வாயிலைப் பல ஆண்டுகளாக ஓரிரு தன்னார்வலர்களே, தமது ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார்கள் என்பதே இந்த அறிவிப்பில் பலரையும் திடுக்கிட வைத்த செய்தி.

இந்த வாயில் என்ன வேலை செய்கிறது, அது ஏன் மூடப்பட வேண்டியதாயிற்று, அதன் இடத்துக்கு வருவது எது என்பனவற்றை இந்தக் கட்டுரை ஆராய்கிறது.

துறைமுகத்திலிருந்து வந்த சொல்

1956 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் நுவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டன் நகரை நோக்கி "ஐடியல் எக்ஸ்" என்ற கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற வணிகரின் முயற்சி அது. பெட்டிக்குள் இருப்பது தேயிலையா, துணியா, இயந்திரமா என்பது பற்றிக் கப்பலும் பாரந்தூக்கியும் கவலைப்பட வேண்டியதில்லை, பெட்டியின் அளவும் பிடிமானமும் ஒன்றாக இருந்தால் போதும் என்பதே அந்தக் கொள்கலன் முறையின் அடிப்படை.

மென்பொருள் உலகம் இந்த எண்ணத்தைக் கடனாகப் பெற்றுக்கொண்டது. ஒரு மென்பொருளையும், அது இயங்குவதற்குத் தேவையான துணைக் கோப்புகள் அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டி, எந்தக் கணினியிலும் இறக்கி ஓடவிடும் முறைக்குக் கொள்கலன் முறை என்று பெயர். 2013 ஆம் ஆண்டில் வெளியான "டாக்கர்" என்ற மென்பொருள் இதனைப் பரவலாக்கியது.

கொள்கலன்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது, எதனை எந்தக் கணினியில் ஏற்றுவது, பழுதானதை எப்படி மாற்றுவது என்பதைக் கவனிக்க ஒரு மாலுமி தேவைப்பட்டார். கூகுள் நிறுவனம் 2014 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட "குபர்நெட்டிஸ்" என்ற திறந்த மூல மென்பொருள் அந்தப் பொறுப்பை ஏற்றது. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். அதன் முதலாவது முழுமையான பதிப்பு 2015 ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்தது. பல கணினிகளை ஒன்றிணைத்து ஒரே பெரும் கணினி போல இயக்கும் இந்த அமைப்பைக் கணினித் தொகுதி என்று அழைக்கலாம்.

முகவரி நிலைக்காத வீடு

இத்தகைய தொகுதிக்குள் ஒரு பிரச்சினை உண்டு. கொள்கலன்கள் நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. ஒரு கணினி பழுதானால் அதிலிருந்தவை மற்றொன்றில் புதிதாக எழுப்பப்படும். வாடிக்கையாளர் கூட்டம் பெருகினால் மூன்றாக இருந்தவை முப்பதாகும், கூட்டம் குறைந்தால் மீண்டும் மூன்றாகும். ஒவ்வொரு முறையும் அவற்றின் இணைய முகவரி எண் மாறிவிடும். அந்த எண்ணும் பெரும்பாலும் தொகுதிக்குள் மட்டுமே செல்லுபடியாகும், வெளியுலகிலிருந்து நேரடியாக அணுக முடியாது.

தொடருந்துச் சீட்டு விற்கும் ஓர் இணையதளத்தை எண்ணிப் பார்க்கலாம். பயணி ஒருவர் தமது கைத்தொலைபேசியிலிருந்து அந்தத் தளத்தைத் திறக்கிறார். அவரது வேண்டுகோள், சில நிமிடங்களுக்கு முன் பிறந்து இன்னும் சில மணி நேரத்தில் மறைந்துவிடக்கூடிய ஒரு கொள்கலனை எவ்வாறு கண்டடைவது?

தொகுதிக்கு உள்ளே இதற்கு விடை எளிது. ஒரே வேலையைச் செய்யும் கொள்கலன்கள் அனைத்துக்கும் பொதுவாக மாறாத ஒரு பெயரையும் ஒரு முகவரியையும் குபர்நெட்டிஸ் வழங்குகிறது. இதற்குச் "சர்வீஸ்" என்று பெயர். அந்த முகவரிக்கு வருவதை, அப்போது உயிரோடிருக்கும் கொள்கலன்களில் ஒன்றுக்கு அது அனுப்பி வைக்கும். வெளியிலிருந்து வரும் வேண்டுகோளை இந்தச் சர்வீஸ் வரை கொண்டு வந்து சேர்ப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இதற்கு முதலில் இரண்டு வழிகள் இருந்தன. தொகுதியில் உள்ள ஒவ்வொரு கணினியிலும் 30000 முதல் 32767 வரையிலான எண்களில் ஒன்றைக் கதவாகத் திறந்து வைப்பது ஒரு வழி. இதில் பயனாளர்கள் தளத்தின் பெயரோடு ஐந்திலக்க எண்ணையும் சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும், எனவே பொதுமக்களுக்கான தளங்களுக்கு இது ஒவ்வாது. ஒவ்வொரு சேவைக்கும் தனியாக ஒரு சுமைப் பகிர்வுக் கருவியை மேகக் கணினி நிறுவனங்களிடமிருந்து வாடகைக்கு எடுப்பது மற்றொரு வழி. நூறு சேவைகள் இருந்தால் நூறு கருவிகள், நூறு வாடகைகள், நூறு பொது முகவரிகள்.

பொது முகவரிகளும் தாராளமாகக் கிடைப்பவை அல்ல. இணைய முகவரிகளின் பழைய வகையான நான்காம் பதிப்பில், உலக அளவிலான கையிருப்பு 2011 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதமே தீர்ந்துபோனது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரே வாசல், பல வீடுகள்

இந்த நெருக்கடிக்குத் தீர்வாக வந்ததே "இன்கிரஸ்" என்ற ஏற்பாடு. உள்நுழைவு என்பது அந்தச் சொல்லின் பொருள். 2015 ஆம் ஆண்டின் இறுதியில் சோதனை வடிவில் அறிமுகமான இது, 2020 ஆகஸ்ட் மாதத்தில்தான் நிலையான வடிவை எட்டியது.

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில் அமர்ந்திருக்கும் காவலரின் வேலையோடு இதனை ஒப்பிடலாம். கட்டடத்துக்குத் தெரு முகவரி ஒன்றுதான். வருபவர் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறாரோ, அதற்கேற்ப அவரை எந்த மாடிக்கு அனுப்புவது என்பதைக் காவலர் தம்மிடமுள்ள பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறார்.

இணையத்தில் இது சாத்தியமாவதற்குக் காரணம், 1997 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எச்டிடிபி 1.1 என்ற விதிமுறை. ஓர் இணைய உலாவி எந்த முகவரிக்குத் தொடர்பு கொண்டாலும், தான் தேடி வந்த தளத்தின் பெயரையும் வேண்டுகோளிலேயே குறிப்பிட வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. ஆகவே ஒரே முகவரியின் பின்னால் நூறு தளங்கள் இருந்தாலும், பெயரைப் படித்துப் பிரித்து அனுப்ப முடியும். தளத்தின் பெயருக்குப் பின்னால் வரும் பாதையையும் பார்க்கலாம். சீட்டு விற்பனைப் பகுதியை நாடுபவர்களை ஒரு சேவைக்கும், வண்டி நேர அட்டவணையைக் கேட்பவர்களை வேறொரு சேவைக்கும் அனுப்பலாம். தகவல்களை மறைகுறியாக்கிக் காக்கும் சான்றிதழ்களையும் இந்த ஒரே வாசலில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். குபர்நெட்டிஸில் இன்கிரஸ் என்பது விதிகளை எழுதி வைக்கும் ஏடு மட்டுமே. அந்த ஏட்டைப் படித்து, அதன்படி வேண்டுகோள்களைப் பிரித்து அனுப்பும் காவலர் வேறு. அந்தக் காவலர் வேலைக்குப் பல மென்பொருட்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பரவலாகப் பயன்பட்டது இன்கிரஸ் என்ஜின்எக்ஸ். ரஷ்யரான இகோர் சிசோயெவ் உருவாக்கி 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற என்ஜின்எக்ஸ் சர்வர் மென்பொருளை உள்ளே வைத்து, குபர்நெட்டிஸ் சமூகத்தினர் இதனை உருவாக்கினார்கள். என்ஜின்எக்ஸ் இப்போது எப்-5 என்ற நிறுவனத்திடம் உள்ளது. அந்த நிறுவனம் ஏறக்குறைய இதே பெயரில் வெளியிடும் மென்பொருள் வேறு. இப்போது பராமரிப்பு நிறுத்தப்படுவது சமூகத்தினரின் மென்பொருளுக்கே.

வசதியே பலவீனமாக

இன்கிரஸ் ஏட்டில் எழுதக்கூடியவை மிகக் குறைவு. தளத்தின் பெயர், பாதை, சான்றிதழ், இவ்வளவுதான். நடைமுறையிலோ தேவைகள் அதிகம். புதிய பதிப்பை நூற்றில் ஐந்து பேருக்கு மட்டும் காட்டிப் பார்க்க வேண்டும், ஒரே இடத்திலிருந்து அளவுக்கு மீறி வருபவர்களைத் தடுக்க வேண்டும், பழைய முகவரியில் வருபவர்களைப் புதியதற்குத் திருப்ப வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஏட்டின் ஓரத்தில் குறிப்புரைகளாக எழுதும் வழக்கம் ஏற்பட்டது. இன்கிரஸ் என்ஜின்எக்ஸ் புரிந்துகொள்ளும் குறிப்புரைகள் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவை. ஒரு காவலருக்குப் புரியும் குறிப்புரை மற்றொருவருக்குப் புரியாது.

அந்தக் குறிப்புரைகளில் ஒன்று, என்ஜின்எக்ஸ் மென்பொருளுக்கான கட்டளைகளையே நேரடியாக எழுதிச் சேர்க்க இடமளித்தது. பொறியாளர்கள் இதனை விரும்பிப் பயன்படுத்தினார்கள். ஆனால் ஒரு தொகுதியில் பல குழுக்கள் குடியிருக்கும்போது, ஒரு குடித்தனக்காரர் எழுதும் கட்டளை கட்டடம் முழுவதற்குமான காவலரை ஆட்டிவைக்கக்கூடும். இந்த வழியாகத் தொகுதி முழுவதிலும் உள்ள இரகசியங்களை ஒருவர் கவர முடியும் என்பது 2021 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி 2025 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆம் தேதி வந்தது. விஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்த குறைபாடுகள் உட்பட ஐந்து குறைபாடுகளுக்கான திருத்தங்கள் ஒரே நாளில் வெளியிடப்பட்டன. அவற்றுள் மிகக் கடுமையானதற்குப் பத்துக்கு 9.8 என்ற ஆபத்து மதிப்பெண் வழங்கப்பட்டது.

அந்தக் குறைபாடு இருந்த இடம் கவனத்துக்குரியது. தவறான விதி எதுவும் ஏட்டில் ஏறி வாசலை முடக்கிவிடக் கூடாது என்பதற்காக, புதிய விதிகளை முன்கூட்டியே சரிபார்க்கும் ஒரு பகுதி இந்த மென்பொருளில் இருக்கிறது. வந்த விதியைக் கொண்டு அது ஒரு மாதிரி அமைப்பை உருவாக்கி, என்ஜின்எக்ஸிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. தன்னிடம் விதியைக் கொடுப்பது யார் என்று அது கேட்பதில்லை. எனவே தொகுதியின் உள் வலையமைப்பில் எப்படியாவது கால் பதித்த ஒருவர், கடவுச்சொல் எதுவுமின்றியே நஞ்சு கலந்த விதி ஒன்றைச் சோதனைக்கு அனுப்பி, அந்தச் சோதனையின்போதே தமது நிரலை ஓடச் செய்ய முடிந்தது. வழக்கமான நிறுவல் முறையில் இந்தக் காவலருக்குத் தொகுதி முழுவதிலும் உள்ள கடவுச்சொற்களையும் சான்றிதழ்களையும் படிக்கும் உரிமை இருந்ததால், காவலரைக் கைப்பற்றியவர் கட்டடத்தின் சாவிக்கொத்து முழுவதையும் கைப்பற்றியவர் ஆனார்.

மேகக் கணினி அமைப்புகளில் சுமார் 43 விழுக்காடு இந்த ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவை என்றும், 6,500 க்கும் மேற்பட்ட தொகுதிகளில் இந்தச் சோதனைப் பகுதி பொது இணையத்திலிருந்தே அணுகக்கூடியதாகத் திறந்து கிடந்தது என்றும் அந்த நிறுவனம் தெரிவித்தது.

ஓரிருவர் சுமந்த பாரம்

இத்தகைய மென்பொருளைப் பெரியதொரு குழு இரவும் பகலும் கவனித்து வந்திருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். உண்மை நிலை வேறாக இருந்தது.

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் குபர்நெட்டிஸ் திட்டத்தின் வலையமைப்புக் குழுவும் பாதுகாப்புக் குழுவும் வெளியிட்ட அறிவிப்பில், பல ஆண்டுகளாக ஒருவர் அல்லது இருவர் மட்டுமே, அலுவல் நேரத்துக்குப் பின்னரும் வார இறுதிகளிலும் இந்தப் பணியைச் செய்து வந்ததாகக் கூறப்பட்டது. உதவிக்கு ஆள் வேண்டும் என்று முன்னரே விடுத்த அழைப்புக்குப் போதிய பலன் கிடைக்கவில்லை. இதற்கு மாற்றாக "இன்கேட்" என்ற பெயரில் தொடங்கிய புதிய முயற்சியும் போதிய வளர்ச்சி பெறாததால் கைவிடப்பட்டது. 2026 மார்ச் வரை இயன்ற அளவு பராமரிப்பு, அதன் பின்னர் புதிய வெளியீடுகளோ பாதுகாப்புத் திருத்தங்களோ இல்லை என்பதே அறிவிப்பின் சாரம்.

திறந்த மூல உலகில் இது தனித்த நிகழ்வன்று. 2014 ஆம் ஆண்டில் "ஹார்ட்பிளீட்" என்ற குறைபாடு வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளை மிகச் சிறிய குழுவே பராமரித்தது தெரியவந்தது. 2024 ஆம் ஆண்டில், களைத்துப்போயிருந்த ஒரு தனி மனிதரின் பொறுப்பில் இருந்த "எக்ஸ்இசட்" என்ற சுருக்கு மென்பொருளுக்குள், உதவிக்கு வந்தவராக நடித்த ஒருவர் இரகசியக் கதவு வைத்தது கடைசி நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த முறை நடந்தது ஒரு விதத்தில் மாறுபட்டது. விபரீதம் நேரும் வரை காத்திராமல், எங்களால் இனிப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது என்று பொறுப்பில் இருந்தவர்களே முன்கூட்டி அறிவித்துவிட்டார்கள். அதனைக் கைவிடல் என்று சிலர் விமர்சித்தாலும், பாதுகாக்க முடியாத ஒன்றைப் பாதுகாப்பதாகக் காட்டிக்கொள்வதைவிட இது நேர்மையானது என்றே கருத வேண்டியுள்ளது.

புதிய வாயில்

இதன் இடத்துக்குக் குபர்நெட்டிஸ் திட்டம் பரிந்துரைப்பது "கேட்வே ஏபிஐ" என்ற புதிய ஏற்பாடு. இதன் முதலாவது நிலையான பதிப்பு 2023 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளிவந்தது.

பழைய முறையில் எல்லாம் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன. புதிய முறை பொறுப்புகளை மூன்றாகப் பிரிக்கிறது. எந்த வகைக் காவலர் கிடைப்பார் என்பதை அடிப்படைக் கட்டமைப்பை வழங்குபவர் தீர்மானிக்கிறார். எந்த வாசலை, எந்தச் சான்றிதழோடு, யாருக்காகத் திறப்பது என்பதைத் தொகுதியின் நிர்வாகி தீர்மானிக்கிறார். தமது சேவைக்கு வரும் வேண்டுகோள்களை எப்படிப் பிரிப்பது என்பதை மட்டும் மென்பொருளை எழுதும் குழு தீர்மானிக்கிறது. ஒரு குழுவின் பகுதியில் உள்ளதை மற்றொரு குழு பயன்படுத்த வேண்டுமானால், உடையவர் வெளிப்படையாக அனுமதி எழுதிக் கொடுக்க வேண்டும்.

முன்னர் குறிப்புரைகளாக இருந்தவற்றில் பல, இப்போது ஏட்டின் முறையான பகுதிகளாகியுள்ளன. நூற்றில் ஐந்து பேரைப் புதிய பதிப்புக்கு அனுப்புவதைக் காவலருக்குக் காவலர் மாறாத ஒரே விதியாக எழுதலாம். என்வாய் கேட்வே, இஸ்டியோ, சிலியம், டிரேபிக் எனப் பல மென்பொருட்கள் இந்த ஏட்டைப் படித்து வேலை செய்கின்றன.

எனினும் இடம் மாறுவது எளிதன்று. இன்கிரஸ் ஏடுகளைப் புதிய வடிவுக்கு மாற்றித் தரும் கருவி ஒன்று இருந்தாலும், எழுதப்படாத பழக்கங்களை அது முழுவதும் அறியாது. எடுத்துக்காட்டாக, இன்கிரஸ் என்ஜின்எக்ஸில் ஒரு தளத்துக்கான ஏதேனும் ஒரு விதியில் தேடல் வடிவங்கள் பயன்படுத்தப்பட்டிருந்தால், அந்தத் தளத்தின் எல்லாப் பாதைகளிலும் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு பார்க்கப்படாமல் போகும். பெரிய எழுத்தில் தவறாகத் தட்டச்சு செய்தவரும் அதனால் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். புதிய காவலர் கண்டிப்பானவராக இருந்தால், நேற்று வரை திறந்த பக்கம் இன்று இல்லை என்ற பதிலைத் தரும். ஆகவே பழைய வாசலையும் புதிய வாசலையும் சில காலம் அருகருகே வைத்து, சிறிது சிறிதாக வேண்டுகோள்களை மாற்றி விடுவதே பாதுகாப்பான வழி.

இன்கிரஸ் என்ற ஏட்டின் வடிவம் குபர்நெட்டிஸிலிருந்து நீக்கப்படவில்லை. அதில் புதிய வசதிகள் சேர்க்கப்பட மாட்டா, அவ்வளவே. எனவே உடனடியாக மாற முடியாதவர்கள், அதே ஏட்டைப் படிக்கும், பராமரிப்பு உள்ள வேறொரு காவலரை அமர்த்திக்கொள்ளவும் வழியுண்டு. அப்போதும் குறிப்புரைகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

ஓசையின்றி வரும் ஆபத்து

இந்த மாற்றத்தில் மிகவும் கவலைக்குரிய அம்சம், குறித்த காலம் கடந்த பின்னரும் வெளிப்பார்வைக்கு எதுவும் மாறாது என்பதுதான். முன்னர் நிறுவப்பட்ட இன்கிரஸ் என்ஜின்எக்ஸ் தொடர்ந்து இயங்கும். வேண்டுகோள்கள் வழக்கம் போல உரிய இடத்துக்குச் செல்லும். எச்சரிக்கை மணி எதுவும் ஒலிக்காது. ஆனால் அடுத்த குறைபாடு கண்டறியப்படும் நாளில் அதற்கான திருத்தம் எங்கிருந்தும் வராது.

2026 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் குபர்நெட்டிஸின் வழிகாட்டுக் குழுவும் பாதுகாப்புக் குழுவும் கூட்டாக மீண்டும் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டன. இத்தகைய அமைப்புகளில் ஏறக்குறைய பாதி அப்போதும் இந்த மென்பொருளையே நம்பியிருந்ததாக அதில் சுட்டிக்காட்டப்பட்டது. தமது தொகுதியில் இது இருக்கிறதா என்பதே தெரியாத நிறுவனங்களும் உண்டு. என்றோ ஒருநாள் ஒருவர் நிறுவிவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார், அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நிர்வாகி ஒருவர் ஒரே கட்டளையால் அதனை அறிந்துகொள்ள முடியும் என்பது ஆறுதலான செய்தி. அந்தக் கட்டளையை இட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும்.

புதிய வாயில் பழையதைவிடச் செம்மையாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழைய வாயில் வீழ்ந்ததற்கு வடிவமைப்பு மட்டும் காரணமன்று. பல்லாயிரம் நிறுவனங்கள் அதனை இலவசமாக எடுத்துப் பயன்படுத்தின. அதனைக் காப்பதற்கு ஆளோ பொருளோ தர முன்வந்தவை மிகச் சிலவே. புதிய வாயிலின் பின்னால் இன்று பெரிய நிறுவனங்கள் பல அணிவகுத்து நிற்கின்றன. அது பழகிப்போன பின்னரும், கதவைக் காக்கும் பணிக்கு ஊதியம் தர அவை தயாராக இருக்குமா என்ற கேள்விக்குத்தான் இனிமேல் விடை கிடைக்க வேண்டும்.